ஒரே குடும்பம், பல வாசல்கள்

அறிவியல் வரலாறு என்றாலே புதியதொன்றைக் கண்டுபிடித்தவரின் பெயரையும் ஆண்டையும் சொல்லுவது வழக்கம். இன்றைய உரையில் வேறொரு வகை உழைப்பைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் செய்த பொருள் இன்னொருவர் வீட்டிலும் பொருந்த வேண்டும் என்பதற்காகச் சிலர் பல்லாண்டுகள் பாடுபட்டார்கள். ஏற்கெனவே இருந்த பல பொறிகளுக்கும் பொதுவான வாசல் ஒன்றை அமைப்பதே அவர்கள் வேலையாக இருந்தது. இது கணினி உலகில், யூனிக்ஸ் என்னும் பெரிய குடும்பத்தில் நடந்த கதை. தமிழ் எழுத்துக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. அதை முடிவில் சொல்லுகிறேன்.

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் வரிசையை நிரல் என்கிறோம். திரையில் எழுத்தைக் காட்டுவது, கணக்கைக் கூட்டுவது, கோப்பைத் திறப்பது ஆகிய வேலைகள் எல்லா நிரல்களுக்கும் பொதுவானவை. அவற்றைச் செய்யும் சிறு கட்டளைத் தொகுதிகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்தால், அதற்கு நிரல் நூலகம் என்று பெயர். பழைய முறையில், ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டியதை நூலகத்திலிருந்து படியெடுத்துத் தன் மூட்டையிலேயே கட்டிக்கொண்டு கிளம்பும். நூறு நிரல்கள் இருந்தால் நூறு படிகள். ஒரு படியில் பிழை இருந்தால் நூறு இடத்திலும் திருத்த வேண்டும்.

இதற்கு மாற்றாக ஒரு முறை உண்டு. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தேவைப்பட்ட நேரத்தில், வெளியிலிருந்து ஒரு துணைத் துண்டை உள்ளே வரவழைத்து வேலை வாங்குவது. பெரட்டு தெரிந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தவர்களை எண்ணி, நிரை பிரித்துக் கொடுத்துவிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. பழைய முறை நிரலும் அப்படித்தான். யார் யார் வேலைக்கு என்பது தொடங்கும் முன்பே முடிவாகிவிடும். ஆனால் பத்து மணிக்கு மேல் ஒருவர் வந்து, தமக்கு ஒரு வேலை தெரியும் என்று சொன்னால், அவரைச் சேர்த்துக்கொள்ள என்ன வேண்டும்? முதலாவதாக, அவரை உள்ளே விட வேண்டும். இரண்டாவதாக, அவருக்குத் தெரிந்த வேலையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்றாவதாக, முடியாமற் போனால் ஏன் முடியவில்லை என்று தெரிய வேண்டும். நான்காவதாக, வேலை முடிந்ததும் அவரை அனுப்பிவைக்க வேண்டும். இந்த நான்கு காரியங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நேயர்களே. இந்த உரை முழுவதும் இவற்றைச் சுற்றியே வரும்.

யூனிக்ஸ் 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகிய இருவரும் அதன் முதன்மைச் சிற்பிகள். அதற்கு முன் அந்த ஆய்வுக்கூடம், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துடனும் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துடனும் சேர்ந்து மல்டிக்ஸ் என்னும் மிகப் பெரிய இயங்குதளத்தை உருவாக்கும் முயற்சியில் இருந்தது. ஓடும் நிரலுக்குள் வேண்டியபோது துண்டுகளை இணைக்கும் வசதி மல்டிக்ஸில் தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஆனால் அந்தத் திட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. 1969-இல் பெல் ஆய்வுக்கூடம் அதிலிருந்து விலகியது.

தாம்சனும் ரிச்சியும் எளிமையை நாடினார்கள். எளிமையாக இருக்க வேண்டிய கட்டாயமும் இருந்தது. அவர்களுக்குப் பின்னர் கிடைத்த பிடிபி-11 என்னும் பொறியில் 24 கிலோபைட் நினைவகம் மட்டுமே இருந்தது. அதில் 16 கிலோபைட்டை இயங்குதளமே எடுத்துக்கொண்டது. பயனாளரின் நிரலுக்கு எஞ்சியது 8 கிலோபைட்தான். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் இதைப்போல் பல நூறு மடங்கு இடத்தை நிரப்பும். அத்தனை சிறிய வீட்டில், நடுவில் வரும் விருந்தாளிக்கென்று தனி அறை கட்ட யாரால் முடியும்? ஆகவே யூனிக்ஸில் நடுவே இணைக்கும் வசதி விடப்பட்டது. மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பும் பழைய முறையே போதும் என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துக்கு அது சரியான முடிவுதான்.

பிறகு குடும்பம் பெருகியது. யூனிக்ஸுக்கு உரிமையான ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம், அமெரிக்க அரசுடன் 1956-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தொலைபேசித் தொழிலுக்கு வெளியே வணிகம் செய்யக்கூடாது. ஆகையால் யூனிக்ஸின் மூல நிரலைப் பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கொடுத்தது. 1973-இல் யூனிக்ஸ் சி மொழியில் திருப்பி எழுதப்பட்டிருந்ததால் அதை வேறு வேறு பொறிகளுக்கு மாற்றுவதும் எளிதாயிற்று. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தங்களுக்கென ஒரு கிளையை வளர்த்தார்கள். 1982-இல் தோன்றிய சன் நிறுவனம் பெர்க்லிக் கிளையைத் தழுவிப் பொறிகளை விற்றது. 1984-இல் ஏடி அண்ட் டி பிரிக்கப்பட்டு, பழைய தடையும் நீங்கியதும், அந்நிறுவனமே யூனிக்ஸை முழு வணிகப் பொருளாக விற்கத் தொடங்கியது. ஐபிஎம், எச்பி, டெக் போன்ற நிறுவனங்களும் ஆளுக்கொரு யூனிக்ஸை விற்றன. பெயர் வேறு, பொறி வேறு. மேலே நின்று பார்த்தால் ஒரே முகச்சாயல்.

1980-களின் நடுவில் ஒரு புதிய நெருக்கடி வந்தது. திரையில் சாளரங்களும் படங்களும் காட்டும் முறைகள் பரவின. அவற்றுக்கான நூலகங்கள் மிகப் பெரியவை. ஒரு சிறிய கடிகாரத்தைத் திரையில் காட்டும் நிரல்கூட அந்தப் பெரிய நூலகத்தின் படியைச் சுமக்க வேண்டியதாயிற்று. இனிப் படியெடுத்துக் கட்டமுடியாது. ஒரே படியை எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற நிலை வந்தது.

முதலில் செய்து பார்த்த வழி ஒன்றைச் சொல்லுகிறேன். ஏடி அண்ட் டியின் சிஸ்டம் ஃபைவ் மூன்றாம் வெளியீட்டில், ஒவ்வொரு பொது நூலகத்துக்கும் நினைவகத்தில் ஒரு நிலையான முகவரி கொடுத்தார்கள். லயத்து வீடுகளுக்குக் கதவெண் போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நூலகத்துக்கு 5-ஆம் எண் வீடு, அந்த நூலகத்துக்கு 6-ஆம் எண் வீடு. குடும்பம் பெருகினால் என்ன செய்வது? 5-ஆம் எண்ணில் ஆள் கூடினால் 6-ஆம் எண்ணுக்குள் புக வேண்டியதுதான். வேறு இடத்திலிருந்து வந்த இருவருக்கு ஒரே எண் கொடுக்கப்பட்டிருந்தால் இருவரும் ஒன்றாக வாழமுடியாது. எண்களைப் பங்கிட ஒருவர் ஏடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் தன் இளமைக் காலத்தில் இதே முறையைப் பின்பற்றி இதே தொல்லையை அனுபவித்தது. 1990-களின் நடுப்பகுதியில்தான் அதைக் கைவிட்டு இன்றைய முறைக்கு மாறியது.

சன் நிறுவனத்தார் வேறு வழியில் சென்றார்கள். எந்த வீட்டில் குடிவைத்தாலும் வேலை செய்யக்கூடிய விதத்தில் நூலகத்தை எழுதிவிட்டால் கதவெண் தகராறே இல்லையல்லவா? 1988-இல் வெளிவந்த சன் ஓஎஸ் 4.0 இந்த முறையில் அமைந்தது. ஓடும் நிரலுக்குள் துண்டுகளை வரவழைக்கும் நான்கு சொற்களும் சன் ஓஎஸ் வழி வந்தவையே. டிஎல்ஓபன், டிஎல்சிம், டிஎல்எரர், டிஎல்குளோஸ். திற, பெயர் சொல்லிக் கேள், பிழையைச் சொல், மூடு. நாம் முன்னே எண்ணிய நான்கு காரியங்களும் இவைதாம். ஏடி அண்ட் டியும் சன்னும் கூட்டாக உருவாக்கிய சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீடு, எல்ஃப் என்னும் கோப்பு அமைப்பையும் இந்தச் சொற்களையும் ஏற்றுக்கொண்டது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. சன்னும் ஏடி அண்ட் டியும் கைகோத்ததைக் கண்டு மற்ற நிறுவனங்கள் அஞ்சின. 1988 மே மாதத்தில் ஐபிஎம், எச்பி, டெக் முதலியவை சேர்ந்து எதிரணியாக ஓஎஸ்எஃப் என்னும் அமைப்பை நிறுவின. யூனிக்ஸ் போர் என்று கணினி வரலாற்றில் பெயர் பெற்ற போட்டி இது. துப்பாக்கி இல்லாத போர்தான். ஆனாலும் அதன் சுமை கீழே உட்கார்ந்து நிரல் எழுதுகிறவர் தலையில் விழுந்தது.

எப்படி என்று பார்ப்போம்.

முதலில், சொல்லே வேறுபட்டது. சன்னில் டிஎல்ஓபன் என்று அழைக்க வேண்டும். எச்பியின் யூனிக்ஸில் எஸ்எச்எல்-லோட் என்று அழைக்க வேண்டும். ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் வெறும் லோட். நெக்ஸ்ட் நிறுவனத்தின் பொறியில் ஆர்எல்டி-லோட். கேட்கும் காரியம் ஒன்றே. ஆனால் ஒரு வீட்டுச் சொல் மற்ற வீட்டில் செல்லாது.

இரண்டாவது, துண்டின் கோப்புப் பெயர் வேறுபட்டது. சன்னில் பெயரின் ஈற்றில் எஸ்ஓ என்று வரும். எச்பியில் எஸ்எல் என்று வரும். ஏஐஎக்ஸிலோ பெரும்பாலும் பழைய நூலகக் கட்டுக்குள்ளேயே புதிய துண்டும் ஒளிந்திருக்கும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது, துண்டை எங்கே தேடுவது என்பது. தேட வேண்டிய இடங்களின் பட்டியலுக்குச் சன்னில் ஒரு பெயர், எச்பியில் ஒரு பெயர், ஐபிஎம்மில் மற்றொரு பெயர். ஒன்றை மாற்றி எழுதிவிட்டால், துண்டு கண் முன்னே இருந்தாலும் கணினி இல்லை என்றே சொல்லும்.

நான்காவது மிகவும் வேடிக்கையானது. சில தளங்களில், சி மொழியில் எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் கணினி தானாகவே ஓர் அடிக்கோட்டைச் சேர்த்துப் பதிந்துகொள்ளும். சிலவற்றில் சேர்க்காது. கிராணியின் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தோட்டத்துக் கிராணி தகப்பனார் பெயரின் தலையெழுத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார். இன்னொரு தோட்டத்துக் கிராணி வெறும் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார். ஆள் ஒருவரே. கேட்கும் விதம் மாறினால் "அப்படி ஒருவர் இங்கில்லை" என்ற பதில்தான் வரும். சில தளங்களில் கேட்பவர்தான் அந்தக் கோட்டைச் சேர்த்துக் கேட்க வேண்டும். சிலவற்றில் தளமே சேர்த்துக்கொள்ளும். எங்கே எப்படி என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஐந்தாவது, உள்ளே வந்த துண்டு, தன்னை அழைத்த நிரலிடமே திரும்பி உதவி கேட்க முடியுமா என்பது. வேலைக்கு வந்தவருக்கு வீட்டிலுள்ள வாளியை எடுக்க உரிமை உண்டா என்பதுபோன்ற கேள்வி இது. சில தளங்களில் தாராளமாக எடுக்கலாம். ஏஐஎக்ஸில், எந்தெந்தப் பொருளை எடுக்கலாம் என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே பட்டியல் எழுதி வைத்திருக்க வேண்டும். பட்டியலில் இல்லையென்றால் துண்டு வேலை செய்யாது.

இவை தவிர, எந்த வீட்டிலும் குடியேறும்படி துண்டை எழுதுவதற்குரிய குறியும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறியது.

இதனால் பயனாளருக்கு என்ன இழப்பு என்று கேட்பீர்கள். உண்மையான ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். பெர்ல் என்னும் நிரல் மொழியை லாரி வால் 1987-இல் வெளியிட்டார். தகவல் களஞ்சியங்களோடு பேசும் திறனை அதற்குக் கொடுக்க விரும்பியவர்கள் என்ன செய்தார்கள்? ஆரக்கிள் களஞ்சியத்துக்காக ஆரா-பெர்ல் என்று ஒரு தனிப் பெர்லைக் கட்டினார்கள். சைபேஸ் களஞ்சியத்துக்காக சிப்-பெர்ல் என்று இன்னொன்றைக் கட்டினார்கள். துணைத் துண்டை நடுவே சேர்க்க எல்லாத் தளத்துக்கும் பொதுவான வழி இல்லாததால், மொழியையே முழுதாகத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. ஒரு பாத்திரம் வேண்டுமென்று அடுப்படி முழுவதையும் இடித்துக் கட்டியதுபோல.

1994 அக்டோபரில் வெளியான பெர்ல் 5 இதற்கு ஒரு தீர்வைக் கொண்டுவந்தது. டிம் பன்ஸ் என்பவரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் டைனாலோடர் என்னும் பகுதிதான் அது. அதன் அமைப்பு நாம் பாடமாகக் கொள்ளத் தக்கது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே வாசல். உள்ளே, சன் வழிக்கு ஒரு கோப்பு, எச்பிக்கு ஒரு கோப்பு, ஏஐஎக்ஸுக்கு ஒரு கோப்பு, நெக்ஸ்ட்டுக்கு ஒரு கோப்பு என்று ஒவ்வொரு வீட்டு வழக்கத்தையும் தனித்தனியே எழுதி வைத்தார்கள். எந்த வசதியும் இல்லாத தளத்துக்கும் ஒரு கோப்பு வைத்தார்கள். அதன் பெயரிலேயே "ஏதுமில்லை" என்று பொருள் வரும். வசதியில்லாதவன் என்று யாரையும் தள்ளிவிடாமல், அவனுக்கும் பட்டியலில் ஓர் இடம் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பைத்தன் மொழியைக் காத்தவர்களும் இதையே செய்தார்கள். ஜிலிப் என்னும் நூலகத்தின் ஜிமாட்யூல் பகுதியிலும் இதே ஏற்பாடு இருந்தது. கோர்டன் மாட்ஸிக்கைட் 1990-களின் பிற்பாதியில் உருவாக்கிய லிப்டூல் என்னும் கருவி, துண்டைக் கட்டும்போதே எந்தத் தளத்தில் எந்தக் குறி என்பதைத் தானே பார்த்துக்கொண்டது. அத்துடன், தாமஸ் டானர் தொடங்கிவைத்த எல்டிடிஎல் நூலகம், ஓடும்போது துண்டை வரவழைக்கும் வேலையை ஏற்றுக்கொண்டது. துண்டைப் பற்றிய விவரங்களை ஒரு சிறிய எழுத்துக் கோப்பில் எழுதி வைத்து, அதைப் படித்து, இந்தத் தளத்தில் கோப்பின் உண்மைப் பெயர் என்ன, அது எங்கே இருக்கிறது என்று கண்டுகொள்ளும். நடுவே சேர்க்கும் வசதியே இல்லாத தளத்தில் என்ன செய்யும் தெரியுமா? துண்டைத் தொடக்கத்திலேயே நிரலோடு கட்டிவிட்டு, அழைக்கும்போது அப்போதுதான் வந்ததுபோல் காட்டும். காலையிலேயே பெரட்டில் நின்றவரைப் பத்து மணிக்கு வந்தவராகக் கணக்கு வைத்துக்கொள்ளுவதுபோல. நிரல் எழுதியவர் தம் நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இந்த வேலை எதற்கும் விழா எடுக்கப்பட்டதில்லை. சரியாக நடந்தால் யார் கண்ணுக்கும் படாத வேலை இது. கெட்டுப்போனால்தான் பேச்சு வரும். பால் மரம் வெட்டப் போகிறவர்கள் விடிவதற்கு முன் காட்டுக்குள் போய்விடுகிறார்கள். விடிந்தபின் எழுகிறவர்களுக்கு அந்த உழைப்பு தெரிவதில்லை. எங்கள் நேயர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இதற்கிடையில் நிறுவனங்களும் மெல்ல மெல்ல வழிக்கு வந்தன. 1988-இல் வந்த முதல் போசிக்ஸ் பொதுவிதிகளில் இந்த வசதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1996-இல் ஓஎஸ்எஃப் அமைப்பும் எக்ஸ் ஓப்பன் அமைப்பும் ஒன்றாகி ஓப்பன் குரூப் என்று ஆயின. 1997-இல் வெளிவந்த ஒற்றை யூனிக்ஸ் விதித்தொகுப்பின் இரண்டாம் பதிப்பில், சன் வழிவந்த அந்த நான்கு சொற்களும் பொதுச் சொற்களாக எழுதப்பட்டன. எச்பியும் ஐபிஎம்மும் தங்கள் பழைய சொற்களை வைத்துக்கொண்டே புதிய சொற்களையும் ஏற்றன. ஆப்பிள் நிறுவனம் நெக்ஸ்ட்டை வாங்கி, அதன் வழியில் 2001-இல் மாக் ஓஎஸ் டென்னை வெளியிட்டபோது, முதலில் தன் சொந்த அழைப்புகளையே வைத்திருந்தது. சில ஆண்டுகளில் அதுவும் டிஎல்ஓபனைச் சேர்த்துக்கொண்டது.

பெயர் ஒன்றானதால் சிக்கல் முழுவதும் தீர்ந்ததா? இல்லை. இதுதான் இந்த வரலாற்றில் ஆழ்ந்து எண்ண வேண்டிய இடம்.

ஒரு துண்டு உள்ளே வந்ததும், அதிலுள்ள பெயர்கள் மற்றத் துண்டுகளுக்கும் தெரியவேண்டுமா, அல்லது அழைத்தவருக்கு மட்டும் தெரிந்தால் போதுமா? நிரல் எழுதுபவர் இதைச் சொல்லாமல் விட்டால் என்ன செய்வதென்று பொதுவிதி தீர்மானிக்கவில்லை. லினக்ஸ், அழைத்தவருக்கு மட்டும் என்று கொள்ளும். மாக், எல்லாருக்கும் என்று கொள்ளும். ஒரே சொல், ஒரே எழுத்து, இரண்டு நடத்தை. ஆகவே அனுபவமுள்ளவர்கள், எது வேண்டும் என்பதை எப்போதும் வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. மூடு என்று பொருள்படும் டிஎல்குளோஸைச் சொன்னால் துண்டு வெளியேறிவிடுமா? பெரும்பாலான லினக்ஸ் கணினிகளிலுள்ள ஜிலிப்சி நூலகம், வேறு யாரும் அந்தத் துண்டைப் பயன்படுத்தாவிட்டால், பொதுவாக அதை நினைவகத்திலிருந்து நீக்கும். 2011 முதல் வெளிவரும் மஸல் நூலகமோ அதை நீக்குவதே இல்லை. நிரல் முடியும்வரை துண்டு உள்ளேயே இருக்கும். நீக்கும்போது ஏற்படும் கோளாறுகளைத் தவிர்க்க அவர்கள் எடுத்த முடிவு அது. பொதுவிதியும் நீக்கியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆக, இருவரும் விதியை மீறவில்லை. ஆனால் "மூடினால் போய்விடும், மறுபடி திறந்தால் புதிதாக வரும்" என்று நம்பி எழுதிய நிரல் ஒரு வீட்டில் ஓடும், மற்றொரு வீட்டில் தடுமாறும். சொல்லில் ஒத்துப்போவது பாதி வேலை. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதிலும் ஒத்துப்போனால்தான் மீதி வேலை முடியும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன தமிழ் எழுத்துக்கு வருகிறேன்.

"கொ" என்ற எழுத்தைப் பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள்? முதலில் கொம்பு, நடுவே ககரம், பின்னே கால். ஆனால் யூனிகோட் முறையில் கணினி அதைச் சேமிக்கும்போது, ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் இருக்கும். திரையில் வரையும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க யாராவது வேண்டும். ஆங்கில எழுத்துக்கு இந்த வேலை தேவையில்லை. அதனால் அந்த எழுத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய நிரல்களுக்கு இது தெரியவும் தெரியாது.

2002-இல் வெளியான க்னோம் 2.0 என்னும் திரை அமைப்பு, லினக்ஸிலும் வேறு பல யூனிக்ஸ் தளங்களிலும் ஓடியது. அதில் எழுத்துகளை வரையும் பொறுப்பு பாங்கோ என்னும் நூலகத்துக்கு. பாங்கோவை அமைத்தவர்கள் உலகத்து எல்லா எழுத்துகளின் இலக்கணத்தையும் அதன் வயிற்றுக்குள் திணிக்கவில்லை. அரபு எழுத்துக்கு ஒரு துண்டு, தாய்லாந்து எழுத்துக்கு ஒரு துண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளுக்கு ஒரு துண்டு என்று பிரித்து வைத்தார்கள். திரையில் தமிழ் எழுத்து வரும் நேரத்தில், அதற்குரிய துண்டை ஜிமாட்யூல் வாசல் வழியாக உள்ளே அழைத்தது பாங்கோ. அந்தத் துண்டு வந்து கொம்பை முன்னால் வைத்துக் கொடுத்தது. கடிதம் எழுதும் நிரலை எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் இலக்கணம் அறிந்தவர் அந்த நிரலைத் தொட வேண்டியதும் இல்லை. இருவருக்கும் நடுவே வாசல் இருந்தது.

2012-இல் பாங்கோ இந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்னும் பொது நூலகத்திடம் ஒப்படைத்தது. எல்லா எழுத்துகளையும் ஒரே இடத்தில் கையாளும் திறன் வந்துவிட்டதால் பழைய மொழித் துண்டுகள் ஓய்வுபெற்றன. ஆயினும், சிறுபான்மை எழுத்து என்று ஒதுக்கப்படக்கூடிய நிலையில் இருந்த மொழிகளுக்கு, பெரிய வீட்டை இடிக்காமலே உள்ளே நுழைய வழி கொடுத்தது அந்த வாசல்தான் என்பதை மறக்கலாகாது.

இன்று நம் கைகளில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு அடித்தளம் லினக்ஸ். அதில் ஒரு விளையாட்டையோ பாடச் செயலியையோ திறந்தால், பெரும்பாலும் அதே வழியில் ஈற்றில் எஸ்ஓ என்ற பெயருடைய துண்டுகள் உள்ளே அழைக்கப்படுகின்றன. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7, எந்தத் துண்டை எந்தச் செயலி அழைக்கலாம் என்பதில் கட்டுப்பாடும் வைத்தது. உள்ளே விட்ட துண்டுக்கு வீட்டுக்காரருக்குள்ள அதிகாரம் அத்தனையும் கிடைத்துவிடுமாதலால், வாசல் இருந்தால் காவலும் வேண்டுமல்லவா?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளில் சிலர் கணினித் துறையில் படிக்கப் போவார்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால்தான் பெருமை என்று அவர்கள் நினைக்கக்கூடும். நான்கே சொற்கள் எல்லா வீட்டிலும் செல்லுபடியாவதற்கு, 1988 முதல் 1997 வரை ஒன்பது ஆண்டுகள் பிடித்தன என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். பெரிய நிறுவனங்கள் ஒத்துப்போகாத அந்த ஆண்டுகளில், ஒவ்வொரு வீட்டின் வழக்கத்தையும் பொறுமையாகக் கற்று, அந்த வேறுபாடுகளின் பாரத்தைத் தாங்களே சுமந்து, மற்றவர்களுக்கு ஒரே வாசலைத் திறந்து வைத்தவர்களையும் சொல்லுங்கள். அந்த வேலை இன்னும் முடியவில்லை. அதைத் தொடர ஆள் வேண்டும். நம் வீட்டுப் பிள்ளையும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.